தியோடர் செட்ஜ்விக்: பெட்டின் வக்கீல், பிறகு சபாநாயகர். இவரை எப்படி மதிப்பிடுவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அமெரிக்கா உருவான காலத்து வழக்கறிஞர்கள் என்றால் ஜான் ஆடம்ஸ், ஹாமில்டன் என்று நாலைந்து பேரோடு நின்றுவிடுகிறோம். தியோடர் செட்ஜ்விக் என்ற பெயர் நம் குழுவில் இதுவரை வந்ததாக நினைவில்லை. இரண்டு வாரமாக அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, மறுநாள் கோபம் வருகிறது. தனியாகப் படித்துத் தீராது என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1746 மே மாதம் கனெக்டிகட்டின் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். விடுதி நடத்திக்கொண்டிருந்த அண்ணன் ஜான்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தம்பியை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். தம்பியோ ஒழுங்கு மீறலுக்காகப் பட்டம் வாங்கும் முன்பே வெளியேற்றப்பட்டார். பிற்பாடு 1772இல் அதே கல்லூரி பட்டத்தைக் கொடுத்தது. முதலில் சமயப் போதகராகலாம் என்று நினைத்து, அதை விட்டு, மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில் பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் இருக்கும் கிரேட் பேரிங்டனில் மார்க் ஹாப்கின்ஸ் என்ற வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். அன்று அங்கே சட்டக் கல்லூரி கிடையாது. மூத்த வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆவணங்களைப் படியெடுத்து, புத்தகங்களைப் புரட்டித்தான் தொழிலைக் கற்க வேண்டும். 1766இல், இருபது வயதில், வழக்கறிஞராகிவிட்டார்.

பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் தொழில் நடத்தினார். அந்த ஊரின் பெரிய மனிதர் ஜான் ஆஷ்லி. நிலக்கிழார், போர்ப்படைக் கர்னல், நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். 1773 ஜனவரியில் ஆஷ்லியின் வீட்டில் ஊரின் முக்கியமானவர்கள் கூடி ஒரு தீர்மானம் எழுதினார்கள். இயற்கை நிலையில் மனிதர் எல்லாரும் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், தங்கள் உயிரையும் உரிமையையும் உடைமையையும் இடையூறின்றி அனுபவிக்க உரிமை உள்ளவர்கள் என்பது அதன் முதல் வரி. ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனம் எழுதுவதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்னால்! அந்தக் குழுவுக்கு எழுத்தராக இருந்த இளைஞர் செட்ஜ்விக்.

அந்த வீட்டில் அப்போது பெட் என்ற பெண் அடிமையாக வேலை செய்துகொண்டிருந்தார்.

1780இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசமைப்புச் சட்டம் இயற்றியது. எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்கிறது அதன் முதல் பிரிவு. மறு ஆண்டு பெட் செட்ஜ்விக்கிடம் வந்தார். அந்த எழுத்து தனக்கும் பொருந்துமா என்று கேட்டார். செட்ஜ்விக் வழக்கை எடுத்துக்கொண்டார். 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டனில் ஜூரி தீர்ப்புச் சொன்னது: பெட்டும், அதே வீட்டில் அடிமையாக இருந்த பிராம் என்பவரும் ஆஷ்லியின் அடிமைகள் அல்லர். ஆஷ்லி முப்பது ஷில்லிங் இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும்.

பிறகு செட்ஜ்விக் நாடாளுமன்றம், செனட், சபாநாயகர் பதவி, கடைசியில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி என்று உயர்ந்துகொண்டே போனார். அவற்றைப் பிறகு பேசலாம். இப்போது என் கேள்வி ஒன்றுதான்: தன் நண்பர் ஆஷ்லிக்கு எதிராக, எட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த வீட்டில் உட்கார்ந்து சமத்துவம் எழுதினாரோ அதே வீட்டுக்காரருக்கு எதிராக, இவரை நிற்க வைத்தது எது?

கறுப்பு அங்கி எழுதியது:

அருமையான தொடக்கம், ஐயா. நான் சிவில் பக்கம் இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். எனக்கு அந்த வழக்கில் மிகவும் பிடித்தது அதன் வடிவம்.

இப்படி ஒரு கட்சிக்காரர் இன்று வந்தால் நம் மனம் உடனே ஆட்கொணர்வு மனுவுக்குத்தான் போகும். செட்ஜ்விக் அந்த வழியில் போகவில்லை. ஒருவர் கையில் முறைகேடாகச் சிக்கியிருக்கும் அசையும் பொருளை மீட்பதற்கு ஒரு பழைய ஆங்கிலேய ஆணை உண்டு. என் மாடு அவன் தொழுவத்தில் நிற்கிறது, மீட்டுக்கொடுங்கள் என்று கேட்பதற்கானது. அந்த ஆணையைத்தான் 1781 மே மாதம் வாங்கினார்கள். பிராமையும் பெட்டையும் விடுவிக்கும்படி ஷெரீஃபுக்கு உத்தரவு. ஷெரீஃப் போனார். ஆஷ்லி விடவில்லை. இவர்கள் ஆயுள் முழுவதும் என் பணியாட்கள், இவர்கள் மேல் எனக்குச் சொத்துரிமை இருக்கிறது என்றார்.

அவர் அப்படிச் சொன்னதுமே வழக்கின் கேள்வி மாறிவிட்டது. பெட்டின் நடத்தை, ஆஷ்லியின் கருணை, சம்பளம், சாப்பாடு எதுவும் பேசத் தேவையில்லை. ஒரு மனிதரை இன்னொருவர் சொத்தாக வைத்திருக்க இந்த மாநிலத்தில் சட்டம் இடம் தருகிறதா என்ற ஒற்றைக் கேள்விதான் ஜூரியின் முன் நின்றது. அடிமைமுறையை ஏற்படுத்திய நேரடிச் சட்டம் எதுவும் மாசசூசெட்ஸில் இல்லை, அப்படியே இருந்திருந்தாலும் 1780ஆம் ஆண்டு அரசமைப்பு அதை அடித்துவிட்டது என்பது செட்ஜ்விக் தரப்பின் வாதம். எதிராளியின் வாயாலேயே சொத்துரிமை என்ற சொல்லை வரவழைத்து, அந்தச் சொல்லையே உடைத்த வேலை அது. கூட நின்றவர் டேப்பிங் ரீவ். கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் பின்னாளில் புகழ்பெற்ற சட்டப் பள்ளியை நிறுவியவர் அவர்தான்.

ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் தானே கைவிட்டார். இதற்கிடையில் வூஸ்டர் பக்கத்தில், அடிமையாக இருந்த குவாக் வாக்கர் என்பவரின் விடுதலை பற்றிய வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. 1783இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், நம் அரசமைப்போடு அடிமைமுறை ஒத்துப்போகாது என்று ஜூரிக்கு எடுத்துரைத்தார். அடிமை ஒழிப்புச் சட்டம் என்று தனியாக ஒன்றும் இயற்றாமலே மாசசூசெட்ஸில் அது முடிவுக்கு வந்தது. 1790 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்துக்கு நேரே அடிமைகள் எண்ணிக்கை 0.

நெய்தல் எழுதியது:

இருவரும் எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் கேள்வியே இடம் மாறி நிற்கிறது. செட்ஜ்விக்கை நிற்க வைத்தது எது என்று கேட்கிறீர்கள். பெட்டை நடக்க வைத்தது எது என்று முதலில் கேட்க வேண்டாமா?

செட்ஜ்விக்கின் மகள் கேதரின் எழுத்தாளர். விடுதலைக்குப் பிறகு செட்ஜ்விக் வீட்டில் வேலை செய்த பெட்தான் அவரை வளர்த்தவர். கேதரின் எழுதி வைத்த குறிப்பில் ஒரு காட்சி இருக்கிறது. ஆஷ்லியின் மனைவி ஹானா கடுங்கோபக்காரி. ஒருநாள் அடுப்பில் பழுத்துச் சிவந்த இரும்புக் கரண்டியை எடுத்து, பெட்டின் தங்கை லிஸ்ஸியை அடிக்க ஓங்கினார். பெட் நடுவில் பாய்ந்து கையை நீட்டினார். அடி எலும்பு வரை இறங்கியது. அந்தக் கை பிறகு முழுதாகக் குணமாகவே இல்லை. பெட் அந்தத் தழும்பைத் துணியால் மூடவில்லை. சட்டைக் கையை ஏற்றியே வைத்திருந்தார். வருகிறவர்கள் ஹானாவின் முன்னிலையில், "பெட்டி, உன் கைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "அம்மாவைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்வாராம்.

என் கணக்கில் வழக்கு அங்கே தொடங்கிவிட்டது. நீதிமன்றத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே, தினந்தோறும், அந்தச் சமையற்கட்டில் சாட்சியத்தை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தவர் பெட். எழுதப் படிக்கத் தெரியாதவர். மேசையில் பரிமாறும்போதோ, ஊர்க் கூடத்தில் வாசிக்கும்போதோ காதில் விழுந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "நான் வாயில்லாப் பிராணி இல்லையே, சட்டம் எனக்கு விடுதலை தராதா?" என்று கேட்டவர். அந்த வரியை எழுதியவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நெய்தல் அவர்களே, ஏற்றுக்கொள்கிறேன். கேள்வியைப் பிழையாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். கேதரின் பிறந்தது 1789இல். வழக்கு முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அவர் இதை அச்சில் கொண்டுவந்தது 1853இல். அதனால் பெட்டின் வாயிலிருந்து கேட்டு, நெடுநாள் மனத்தில் வைத்திருந்து எழுதியது என்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட் கேட்டது சுதந்திரப் பிரகடனத்தையா, மாநில அரசமைப்பையா என்பதிலேயே பதிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. லிஸ்ஸி தங்கையா மகளா என்பதிலும் அப்படித்தான். தழும்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவர் கேதரின்.

நெய்தல் எழுதியது:

நன்றி ஐயா. இன்னும் கடினமான பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த இழை முழுமை பெறாது.

ஒன்று. மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் காப்பகத்தில் 1777 ஜூலை மாத விற்பனைச் சீட்டு ஒன்று இருக்கிறது. ஜான் ஃபெல்லோஸ் என்பவர் டன் என்ற கறுப்பினப் பெண்ணை விற்கிறார். வாங்குபவர் தியோடர் செட்ஜ்விக். பெட்டின் வழக்குக்கு நான்கு ஆண்டுகள் முன்னால்.

இரண்டு. 1788இல் பென்சில்வேனியாவில் ஜான் டேவிஸ் என்ற கறுப்பினத்தவரை வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரு மாநில ஆளுநர்களுக்கும் தகராறு முற்றி, ஜனாதிபதி வாஷிங்டன் வரை போனது. ஓடிப்போன அடிமைகளையும் குற்றவாளிகளையும் மாநில எல்லை கடந்து பிடித்துக்கொடுக்க ஒரு மத்தியச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1791இல் பிரதிநிதிகள் சபை அதற்காக மூவர் குழு அமைத்தது. அந்தக் குழுவில் முதலில் வரும் பெயர் செட்ஜ்விக். வரைவைச் சபையில் வைத்தவரும் அவர்தான்.

பெட்டுக்காக வாதாடிய அதே கை. பத்தே ஆண்டு.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு "அடிமைகளின் வழக்கறிஞர்" என்று யாராவது எழுதினால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த விற்பனைச் சீட்டில் இருக்கும் பெண் யாரிடம் போய் முறையிட்டார்? அவர் வாழ்க்கை என்ன ஆனது? அவருக்கும் ஒரு வக்கீல் வேண்டியிருந்திருக்குமே.

கறுப்பு அங்கி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன இரண்டுமே உண்மை. மறுக்க மாட்டேன். ஆனால் முழுக் கோப்பையும் மேசைமேல் வையுங்கள்.

1791ஆம் ஆண்டு வரைவு அப்படியே கிடந்துவிட்டது. 1793 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் செனட்டில் தனியாக உருவானது. பிரதிநிதிகள் சபையில் 48க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. வடக்கு உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மத்திய அரசு உடையாமல் நிற்க வேண்டும் என்பது செட்ஜ்விக்கின் கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் அன்றைய தலையாய கவலை. தென் மாநிலங்களுக்கு அரசமைப்பில் கொடுத்த வாக்கைக் காப்பது அதன் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் எந்தத் தராசில் நிறுத்தார் என்று சொல்கிறேன்.

இதையும் கேளுங்கள். 1802 முதல் இறக்கும் வரை அவர் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். 1810இல் கிரீன்வுட் எதிர் கர்டிஸ் என்ற வழக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் நடந்த அடிமை வியாபாரத்தில் எழுந்த ஒரு கடன். ஒப்பந்தம் செய்த இடத்தில் அது சட்டப்படி செல்லும், எனவே இங்கேயும் வசூலிக்கலாம் என்ற வழியில் பெரும்பான்மை போனது. செட்ஜ்விக் மட்டும் மாறுபட்டார். மனிதரை விற்கும் ஒப்பந்தம் இயற்கை நீதிக்கே விரோதமானது, அதற்கு இந்த நீதிமன்றம் கை கொடுக்கக் கூடாது என்று தனியாகத் தீர்ப்பு எழுதினார். அப்போது வயது அறுபத்து நான்கு. எந்தத் தேர்தலும் அவருக்கு முன்னால் இல்லை. எந்தக் கட்சியையும் மகிழ்விக்கத் தேவையில்லை.

தனியாக நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதுவது எவ்வளவு கனமான வேலை என்று நீதிமன்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். உடன் அமர்ந்திருப்பவர்களோடு அன்று மதியமும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும்.

மழைக்காகம் எழுதியது:

சட்டம் எனக்கு எட்டாது. இந்த மனிதரின் அரசியலைப் பற்றி யாராவது கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். சபாநாயகராக எப்படி இருந்தார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மழைக்காகம், கேட்டது நல்லது. சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பகுதி என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை.

புரட்சிப் போரில் 1776இல் கனடாப் படையெடுப்பின்போது ஜெனரல் ஜான் தாமஸுக்குச் செயலாளர். பிறகு மாநில சட்டமன்றம், மாநில செனட், புதிய அரசமைப்புக்கு முன் நாட்டுக்குப் பொதுவாக இருந்த அவையான கான்டினென்டல் காங்கிரஸ். 1788இல் புதிய அரசமைப்புக்கு ஒப்புதல் தர மாசசூசெட்ஸ் கூட்டிய மாநாட்டில் ஆதரவாகப் பேசியவர். 1789இல் முதல் நாடாளுமன்றத்திலேயே உறுப்பினர். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்ற ஹாமில்டனின் திட்டத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு போராடியவர். 1796 முதல் 1799 வரை செனட். பிறகு திரும்பவும் பிரதிநிதிகள் சபைக்கு வந்து 1799 டிசம்பரில் சபாநாயகர். 1800 நவம்பரில் தலைநகர் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியபோது, அங்கே முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர்தான்.

சபாநாயகராக அவரை நான் மெச்ச மாட்டேன். கட்சிக்காரராகவே நடந்துகொண்டார். சாமுவேல் ஹாரிசன் ஸ்மித் என்ற பத்திரிகையாசிரியர் எதிர்க்கட்சி சார்பானவர். சபை நடவடிக்கைகளை வெளியிட்டுவந்த அவரைப் பார்வையாளர் மாடத்திலிருந்துகூட வெளியேற்றினார். ஜனாதிபதித் தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் வாக்குகள் சமமாக வந்து 1801இல் முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்ததே, அந்த முப்பத்தாறு சுற்று வாக்கெடுப்பு நடந்ததும் இவர் தலைமையில்தான். பர்ரை நம்பாதீர்கள் என்று ஹாமில்டனே கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். செட்ஜ்விக் கேட்கவில்லை. ஜெஃபர்சன் வந்துவிடக் கூடாது என்ற ஒரே பிடிவாதம். பிப்ரவரி 17 அன்று ஜெஃபர்சன் வென்றார். மார்ச் மாதத்தோடு செட்ஜ்விக் நாடாளுமன்றத்தை விட்டே போய்விட்டார்.

பொதுமக்கள் ஆட்சி என்ற எண்ணமே அவருக்கு அச்சம் தந்தது. விடுதிக்காரரின் தம்பியாக வளர்ந்தவர்தான், ஆனால் படித்தவர்களும் சொத்துள்ளவர்களும்தான் நாட்டை நடத்த வேண்டும் என்பதில் கடைசி வரை அசையவில்லை.

நெய்தல் எழுதியது:

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் 1787ஐப் பார்க்க வேண்டும். போரிலிருந்து திரும்பிய விவசாயிகள் கடனிலும் வரியிலும் மூழ்கிக் கிடந்தார்கள். கடன் கட்டாதவரைச் சிறையில் போட்டார்கள், நிலத்தை ஏலம் விட்டார்கள். டேனியல் ஷேஸின் பெயரால் அழைக்கப்படும் கிளர்ச்சி வெடித்தது. நீதிமன்றங்கள் கூடவிடாமல் மறித்தார்கள். விவசாயிகளின் பார்வையில் எதிரி யார்? கடன் வழக்கு போடும் வக்கீல்கள்தான். செட்ஜ்விக் அவர்களில் முன்னவர். அதனால் 1787 பிப்ரவரி இறுதியில் பெரஸ் ஹாம்லின் தலைமையில் ஒரு கூட்டம் நியூயார்க் எல்லையைத் தாண்டி, செட்ஜ்விக் அப்போது குடியிருந்த ஸ்டாக்பிரிட்ஜுக்குள் புகுந்து, அவர் வீட்டையும் சூறையாடியது. அவர் ஊரில் இல்லை.

வீட்டில் இருந்தவர் பெட். விடுதலையான பிறகு, கூலி தருகிறேன் வா என்று ஆஷ்லி அழைத்தும் அங்கே போகாமல், செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது தன் பெயரையும் எலிசபெத் ஃப்ரீமன் என்று வைத்துக்கொண்டார். "விடுதலை பெற்றவர்" என்று பொருள் தரும் குடும்பப்பெயர். குடும்பத்தின் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துத் தன் சொந்தப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். வந்தவர்கள் வீட்டைக் குடைந்தார்கள். குடிக்கக் கேட்டபோது கசப்பான கறுப்பு பியரைக் கொண்டுவந்து வைத்தாராம். கடைசியில் அவருடைய பெட்டியருகே வந்தபோது, ஒரு கறுப்புக் கிழவியின் பெட்டியையுமா குடைவீர்கள் என்று அவர் கேட்டதும், வெட்கிப் போய் அதைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். இதுவும் கேதரின் எழுதியதுதான்.

எனக்கு இதில் ஒரு வலி இருக்கிறது. கிளர்ச்சிக்காரர்களும் நொந்த மக்கள்தான். அவர்களுடைய முறையீட்டில் நியாயம் இருந்தது. பெட் காத்தது தன்னை விடுவித்தவரின் சொத்தை, அதாவது கடன் கொடுத்தவர்களின் பக்கத்தை. இந்த இரண்டு நியாயங்களும் அந்த ஒரே அறையில் நேருக்கு நேர் நின்றன.

மழைக்காகம் எழுதியது:

இவ்வளவு நேரமும் அந்த வீட்டுக்காரர் எங்கே போனார்? எப்போதும் ஊரில் இல்லாமலே இருக்கிறாரே! மனைவி, குழந்தைகள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மழைக்காகம், நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

முதல் மனைவி எலைசா மேசன். செட்ஜ்விக்குக்கு அம்மை கண்டது. அவரிடமிருந்து கருவுற்றிருந்த எலைசாவுக்குத் தொற்றி, 1771இல் இறந்துபோனார். 1774இல் பமேலா ட்வைட்டை மணந்தார். பத்துக் குழந்தைகள், ஏழு பேர் தங்கினார்கள். 1780களிலிருந்து ஆண்டில் பல மாதங்கள் அவர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இருந்தார். பமேலா பெர்க்‌ஷயரின் கொடும் பனிக்காலத்தில், பிள்ளைகளோடு, தனியாக. 1790களின் தொடக்கத்திலிருந்து அவர் மனநோயால் துன்பப்பட்டார். அது விட்டு விட்டு வந்தது, ஒருபோதும் முழுதாக விலகவில்லை. கணவர் பதவியை விடவா என்று கடிதத்தில் கேட்பதும், பிறகு விடாமலே இருப்பதும் தொடர்ந்தது. 1807இல் பமேலா இறந்தார்.

அந்த வீட்டைத் தாங்கியவர் பெட். பமேலாவின் மனம் கொந்தளிக்கும்போது பக்கத்தில் இருந்து அமைதிப்படுத்த அவரால்தான் முடிந்தது என்று கேதரின் நன்றியோடு எழுதுகிறார். குழந்தைகள் அவரை "மம்பெட்" என்று அழைத்தார்கள். பிரசவம் பார்ப்பதிலும் நோயாளிகளைக் கவனிப்பதிலும் அவருக்கு அந்த வட்டாரத்தில் பெரிய பெயர். பிறகு தன் உழைப்பில் ஸ்டாக்பிரிட்ஜில் சொந்தமாக நிலமும் வீடும் வாங்கி, தன் குடும்பத்தோடு குடியேறினார்.

செட்ஜ்விக்கின் பொதுவாழ்க்கை என்று நாம் சொல்வதில் பாதியாவது பெட்டின் உழைப்பின் மேல் நின்றது என்று இப்போது எனக்குப் படுகிறது. முதல் பதிவை எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

பெர்க்‌ஷயர்வாசி எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஆனால் இந்த இழையைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. ஸ்டாக்பிரிட்ஜிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் செட்ஜ்விக் குடும்பத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நடுவில் தியோடர் செட்ஜ்விக்கின் உயரமான நினைவுக்கல். 1813 ஜனவரி 24 அன்று பாஸ்டனில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவரைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள். எல்லாரையும் தலை வெளிப்பக்கமும் கால் நடுவைப் பார்த்தும் படுக்க வைத்திருக்கிறார்கள். இறுதித் தீர்ப்பு நாளில் எழுந்தால் முதலில் தங்கள் குடும்பத்தாரின் முகத்தையே பார்க்க வேண்டும் என்பதற்காக என்று ஊரில் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அந்த வட்டத்தை "செட்ஜ்விக் பை" என்பார்கள், வட்டமான அந்தப் பலகாரத்தின் பெயரால்.

உள்வட்டத்தில், கேதரினுக்குப் பக்கத்தில், எலிசபெத் ஃப்ரீமனின் கல். 1829 டிசம்பர் 28 அன்று இறந்தார். வயது எண்பத்தைந்து இருக்கலாம் என்று கருதப்படுகிறது, ஏனென்றால் அவர் பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. கல்லில் நீளமாக எழுதியிருக்கிறது. அடிமையாகப் பிறந்தார், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அடிமையாகவே இருந்தார், எழுதவும் படிக்கவும் தெரியாது, ஆயினும் தமக்குரிய துறையில் அவருக்கு மேலானவரோ நிகரானவரோ இல்லை, நேரத்தையோ பொருளையோ வீணாக்கியதில்லை, நம்பிக்கையை ஒருபோதும் மீறியதில்லை என்று போகிறது. "நல்ல தாயே, சென்று வா" என்று முடிகிறது.

முதல்முறை போனபோது நவம்பர் மாதம். இலையெல்லாம் உதிர்ந்து கல்லை மூடியிருந்தன. கையால் தள்ளித்தான் படிக்க வேண்டியிருந்தது. கண் கலங்கியது. ஆனால் இரண்டாவது முறை போனபோது வேறொன்று உறுத்தியது. அவருக்கு ஒரு மகள் இருந்தார். பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இறக்கும் முன் உயில் எழுதி, கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டு, தன் வீடு நிலத்தை அவர்களுக்குத்தான் வைத்தார். அந்த வட்டத்துக்குள் அவருடைய இரத்த உறவு ஒருவர்கூட இல்லை.

நெய்தல் எழுதியது:

நீங்கள் எழுத வந்ததற்கு மிக்க நன்றி. கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆஷ்லி வீடு இன்னும் இருக்கிறதா?

பெர்க்‌ஷயர்வாசி எழுதியது:

இருக்கிறது. 1735இல் கட்டிய மர வீடு, ஷெஃபீல்டுக்குத் தெற்கே ஆஷ்லி ஃபால்ஸ் என்ற இடத்தில். ஓர் அறக்கட்டளை அதைப் பராமரித்துப் பார்வைக்கு வைத்திருக்கிறது. 1773 தீர்மானம் எழுதிய படிப்பறை மாடியில். மரச் சட்டங்கள் பதித்த சுவர், சிறிய அறை. ஒரு மனிதர் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும் போலிருந்தது. காதில் விழுந்த வரியை வைத்து பெட் கேள்வி கேட்டார் என்று இங்கே எழுதியிருந்தீர்களே, அந்த மாடிப்படியில் நின்றபோது எனக்கு அது கதையாகவே தோன்றவில்லை.

அவர் முகத்தையும் பார்க்கலாம். 1811இல் செட்ஜ்விக்கின் மருமகள் சூசன், தந்தத்தின் மேல் நீர்வண்ணத்தில் வரைந்த சிறு ஓவியம் பாஸ்டனில், நெய்தல் சொன்ன அதே வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. உள்ளங்கையளவுதான். நீல உடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தங்க மணிமாலை. பார்வை நேராக நம்மேல். அந்த மணிகளைப் பிற்பாடு கைவளையாகக் கோத்தார்கள். வளையும் அங்கேயே இருக்கிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய தங்கம்.

டன்னை விற்ற சீட்டும் அதே கட்டடத்தில்.

கறுப்பு அங்கி எழுதியது:

எனக்கு ஒரு வருத்தம். இத்தனை பதிவுகளில் பிராமைப் பற்றி யாரும், நான் உட்பட, இரண்டு வரி எழுதவில்லை. வழக்கின் பெயரே "பிராம் மற்றும் பெட் எதிர் ஆஷ்லி". பெண்ணின் பெயரில் மட்டும் வழக்குப் போட்டால் எடுபடாது என்று நினைத்து அவரையும் சேர்த்திருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும் அவரும் ஆஷ்லியை எதிர்த்து நின்றவர்தான். வழக்கு தோற்றிருந்தால் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்தான். பெட்டுக்குக் கேதரின் இருந்தார், எழுதி வைத்தார். பிராமுக்கு அப்படி யாரும் இல்லை. ஜூரியின் தீர்ப்பில் அவர் பெயர் முதலில் இருக்கிறது, அதற்குப் பிறகு வரலாற்றிலிருந்து நழுவிவிடுகிறார்.

நெய்தல் அம்மா, முன்பு நான் தராசு என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தேன். 1810ஆம் ஆண்டுத் தீர்ப்பை 1791ஆம் ஆண்டு வரைவுக்கு எதிரே வைத்துக் கழித்துக் கூட்டுவது சரியில்லை. அந்த வரைவு அவர் கையால் வந்தது, தீர்ப்பும் அவர் கையால் வந்தது. இரண்டும் அப்படியே இருக்கட்டும். வக்கீலாக நான் அவரிடம் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு: ஓர் அடிமைப் பெண் கதவைத் தட்டிச் சட்டக் கேள்வி கேட்டபோது, அதைச் சட்டக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு உட்கார வைத்துக் கேட்டார். அன்றைக்கு அந்த மாவட்டத்தில் எத்தனை வக்கீல்கள் அப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நெய்தல் எழுதியது:

அதை நானும் மறுக்கவில்லை ஐயா. அவரைத் தேர்ந்தெடுத்தவர் பெட் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஷ்லியின் வீட்டுக்கு வந்துபோன பெரிய மனிதர்கள் எல்லாரையும் பரிமாறும் இடத்தில் நின்று பல ஆண்டுகள் கவனித்தவர். அவர்களில் யாரிடம் போனால் காது கொடுப்பார் என்று கணித்துப் போனார். அந்தக் கணிப்பு தப்பவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இழையின் தலைப்பை மாற்றும்படி நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். "பிராம் மற்றும் பெட் எதிர் ஜான் ஆஷ்லி, 1781" என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். செட்ஜ்விக்கின் அரசியல் வாழ்க்கைக்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன். ஹாமில்டனோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தை அங்கே பேசலாம்.

பெர்க்‌ஷயர்வாசி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து பாஸ்டன் பக்கம் போகும்போது அந்த 1777ஆம் ஆண்டுச் சீட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால், அதில் டன்னைப் பற்றி வயது, ஊர், என்ன விலை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு வரி இங்கே போடுங்கள். ஒரு சொல் இருந்தாலும் போதும்.

பெர்க்‌ஷயர்வாசி எழுதியது:

கட்டாயம். அடுத்த மாதம் போகிறேன்.